தளம் விழுந்தது, ஒரு குழு பெயர் சொன்னது, அடித்தது யார்? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய செய்தித் தளத்தின் சர்வர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு முகப்புப் பக்கம் மாறிப்போனது. கறுப்புப் பின்னணி, முகமூடிப் படம், 'மக்களின் பெயரால்' என்று தொடங்கும் அறிவிப்பு, கீழே நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு ஹேக்டிவிஸ்ட் (அரசியல் காரணத்துக்காக ஹேக் செய்யும்) குழுவின் பெயர். நாங்கள் வெளியிட்ட ஒரு தலையங்கம் பிடிக்காததால் தண்டித்தார்களாம். மதியத்துக்குள் பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டுவிட்டேன். எல்லோரும் அத்துடன் மறந்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. முகப்பை மாற்றிக் கூச்சல் போட வந்தவர்கள் வெப் சர்வரின் லாக்குகளை, அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவுகளை, ஏன் அவ்வளவு பொறுமையாக அழிக்க வேண்டும்? மின்னஞ்சல் சர்வரின் லாக்குகள் தனியாக வேறொரு கணினியிலும் சேர்ந்துகொண்டிருந்தன. அது அவர்களுக்குத் தெரியவில்லை. அதை எடுத்துப் படித்தபோது கை நடுங்கியது. நான்கு மாதங்களாக யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலக நேரத்தில் மட்டும், ஒரே ஒரு நிருபரின் அஞ்சல் பெட்டியை மட்டும் படித்திருக்கிறார்கள். அவர் அப்போது அரசுகள் வாங்கும் உளவு மென்பொருள் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான் வழக்கமான முறையில் எல்லோருடைய கடவுச்சொற்களையும் மாற்றிய இரண்டாம் நாள்தான் அந்த முகமூடிப் படம் வந்தது.

இரண்டும் ஒரே கையா, வேறு வேறா, எனக்கு இன்றும் தெரியாது. நிர்வாகம் இதைப் பேச வேண்டாம் என்றது. புகார் கொடுத்த இடத்தில் சர்வர் வட்டின் ஒரு நகலை வாங்கிக்கொண்டார்கள், பதிலே இல்லை. இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா? கேள்விப்பட்டதை விட்டுவிடுங்கள், பட்டதை எழுதுங்கள்.

பதில் 1

நான் அந்தப் பக்கம், அதாவது தாக்கும் பக்கம், இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

2010 டிசம்பர். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்குப் போகும் நன்கொடையை பேபால், விசா, மாஸ்டர்கார்டு மூன்றும் நிறுத்தின. எனக்குப் பத்தொன்பது வயது, கோபம் தலைக்கேறியது. அனானிமஸ் என்ற ஹேக்டிவிஸ்ட் கூட்டம் அழைத்தது, ஒரு தளத்தைக் கோரிக்கைகளால் மூழ்கடிக்கும் லோயிக் என்ற கருவியை இறக்கினேன், பொத்தானை அழுத்தினேன். அந்தக் கருவி என் சொந்த ஐபி முகவரியை மறைக்காமல் அனுப்புகிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. 2011 ஜூலையில் பேபால் தாக்குதலுக்காக அமெரிக்காவில் 14 பேரைக் கைது செய்தார்கள் என்று படித்தபோது இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் அரட்டை அறையில் ஒருவர் இருந்தார். எப்போதும் 'இது சின்னது, பெரிய இலக்கைப் பார்ப்போம்' என்பார். புதிதாக வருபவர்களிடம் அவரே முதலில் பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்கும், உண்மையில் அண்ணனைப் போல நினைத்தேன். அப்புறம் 2012 மார்ச்சில் அனானிமஸிலிருந்து கிளைத்த லல்ஸ்செக் குழுவின் தலைவர் சாபு பற்றிய செய்தி வந்தது. 2011 ஜூனிலேயே பிடிபட்டு, அடுத்த ஒன்பது மாதம் எஃப்.பி.ஐ.க்கு வேலை செய்திருக்கிறார். அந்தக் காலத்தில்தான் ஸ்ட்ராட்ஃபர் என்ற தனியார் உளவுத் தகவல் நிறுவனம் ஹேக் செய்யப்பட்டது. திருடிய தரவு போய்ச் சேர்ந்த சர்வரே எஃப்.பி.ஐ. கையில் இருந்தது. அதைச் செய்த ஜெரமி ஹாமண்டுக்கு 10 ஆண்டு சிறை. வெளிநாட்டு அரசுத் தளங்களின் பட்டியலை சாபுதான் தன்னிடம் கொடுத்தார் என்று ஹாமண்ட் நீதிமன்றத்தில் சொன்னார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் சொல்வதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் அறையில் இருந்தவரும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு அவரோடு பேசிய ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் திரும்பப் படித்தேன். ஒருவரை நம்பியதற்காக இத்தனை வெட்கப்பட்டது வேறெப்போதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2011இல் அனானிமஸின் அரட்டை அறைகள் அடிக்கடி விழுந்துகொண்டே இருக்கும். சர்வரில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். 2014 பிப்ரவரியில் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்நோடனின் ஆவணங்கள் வழியாக ஒன்று வெளியே வந்தது. பிரிட்டனின் ஜி.சி.எச்.க்யூ. உளவு அமைப்புக்குள் ஜேட்ரிக் என்ற பிரிவு அனானிமஸ் அரட்டை அறைகள்மீது டிடாஸ் தாக்குதல் (ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து சர்வரை முடக்குவது) நடத்தியிருக்கிறது. அதே பிரிட்டனில் 2013 ஜனவரியில் ஒரு மாணவருக்கு 18 மாதச் சிறை கொடுத்தார்கள். குற்றம், டிடாஸ் தாக்குதல். இதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

பதில் 2

நான் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) ஆய்வு செய்பவள். முதல் வேலையில், முதல் பெரிய மாதிரி என் கைக்கு வந்த நாளைச் சொல்கிறேன். கோப்பைப் பிரித்ததும் உள்ளே ஒரு குறிப்பிட்ட நாட்டு மொழியில் இரண்டு சொற்கள். கம்பைல் செய்த, அதாவது நிரலை இயங்கும் கோப்பாக மாற்றிய, நேரமும் அந்த நாட்டின் பகல் நேரத்தோடு பொருந்தியது. மூன்று மணி நேரத்தில் நாட்டின் பெயரோடு அறிக்கை எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

என் மேலதிகாரி என்னை அழைத்து அருகில் உட்கார வைத்தார். காலியான கோப்பு ஒன்றை எடுத்தார். அதே இரண்டு சொற்களை உள்ளே எழுதினார், கணினியின் கடிகாரத்தை மாற்றினார், கம்பைல் செய்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இப்போது நான் எந்த நாட்டுக்காரி, சொல்லும்மா?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. அறிக்கையிலிருந்து நாட்டின் பெயரை எடுத்துவிட்டு, எந்த வழியாக நுழைந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

சில மாதங்களிலேயே அந்தப் பாடத்தின் பெரிய வடிவத்தைப் பார்த்தோம். 2018 பிப்ரவரி 9, பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா அன்று கணினிகள் முடங்கின. அந்த மால்வேருக்கு ஒலிம்பிக் டிஸ்ட்ராயர் என்று பெயர் வைத்தார்கள். கோப்பில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் விட்டுச்செல்லும் ரிச் ஹெடர் என்ற தடம் வடகொரியாவின் லாசரஸ் குழுவைக் கைகாட்டியது. கூர்ந்து பார்த்தால் அந்தத் தடம் கோப்பின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகவில்லை. யாரோ வேறொரு மால்வேரிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். 2020 அக்டோபரில் இந்தத் தாக்குதலையும் சேர்த்து அமெரிக்கா ஆறு ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள்மீது வழக்குத் தொடுத்தது. 2015 ஏப்ரலில் பிரான்ஸின் டிவி5மோந்த் சேனல்கள் இருண்டபோதும் 'சைபர் காலிஃபேட்' என்ற, ஐ.எஸ். ஆதரவாளர்களைப் போன்ற பெயரில்தான் உரிமை கோரினார்கள். விசாரணை பிறகு ரஷ்யக் குழு ஒன்றின் பக்கம் திரும்பியது.

பதிவைத் தொடங்கியவருக்கு: உங்கள் லாக்குகளில் எனக்கு முகமூடிப் படம் முக்கியமில்லை. திங்கள் முதல் வெள்ளி, அலுவலக நேரம், ஒரே பெட்டி. அது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களின் பழக்கம்போல் இருக்கிறது. ஆனால் நேரத்தையும் நடிக்கலாம். வட்டின் நகலுக்கு ஹாஷ் (ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். இல்லையென்றால் நாளைக்கு அதையும் நீங்கள் திருத்தியதாகச் சொல்வார்கள்.

பதில் 3

இங்கே கொஞ்சம் மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். எல்லாவற்றிலும் அரசின் கையைப் பார்த்து நான் பட்டதைச் சொல்கிறேன்.

பணப் பரிமாற்ற மென்பொருள் செய்யும் ஓரிடத்தில் வேலை பார்த்தேன். மூன்று நாள் டிடாஸ். ஒரு அரசியல் குழு உரிமை கோரியது. இது நிச்சயம் ஒரு நாட்டின் வேலை, குழுவின் பெயர் வெறும் திரை என்று எனக்குத் தோன்றியது. சம்பவ அறிக்கையில் 'அரசு ஆதரவு பெற்ற தாக்குதல்' என்று என் கையாலேயே எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை நிறுத்தி வைத்தது. போர் நடவடிக்கைகளுக்குக் காப்பீடு கிடையாதாம். ரஷ்யாவின் வேலை என்று சொல்லப்பட்ட நோட்பெட்யா மால்வேர் தாக்குதலுக்குப் பிறகு மெர்க் மருந்து நிறுவனத்திடமும் காப்பீட்டாளர்கள் இதையே சொன்னார்கள். 1.4 பில்லியன் டாலர் கோரிக்கை, மெர்க் நீதிமன்றம் வரை போய்த்தான் வென்றது. எங்களுக்கு அத்தனை பலம் இல்லை. எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது, கணக்கு முடக்கப்பட்ட ஒரு வாடிக்கையாளர் வாடகைக்கு டிடாஸ் எடுத்து அடித்திருக்கிறார், ஏதோ ஒரு குழுவின் பெயரையும் ஒட்டிவிட்டிருக்கிறார். இடையில் சம்பளம் தள்ளிப்போன சக ஊழியர்களின் முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

அனானிமஸ் சூடான் என்ற ஹேக்கர் குழு பற்றியும் அப்படித்தான். 2023இல் மைக்ரோசாஃப்ட் சேவைகளையே முடக்கினார்கள். இது ரஷ்யா போட்டுக்கொண்ட வேடம் என்று பலரும் சொன்னார்கள், நானும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். 2024 அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட குற்றப்பத்திரிகையில் இருந்தது சூடானைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். 35,000க்கும் மேற்பட்ட தாக்குதல்கள். பெயரிலேயே உண்மையைச் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பதில் 4

சுருக்கமாக. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய வாரம், மனம் பொறுக்காமல் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். எதிரித் தளங்களைத் தாக்க என்று டெலிகிராமில் ஒரு கருவி வந்தது. இறக்கினேன். அது என் பிரவுசரில் இருந்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பையையும் சுருட்டிக்கொண்டு போனது. அனுப்பியது எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை தெரியாது. அனுபவம் அவ்வளவுதான். 2023 அக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு போர்க்காலக் குடிமக்கள் ஹேக்கர்களுக்கு எட்டு விதிகள் வெளியிட்டது. மருத்துவமனைகளைத் தொடாதே என்பதும் அதில் ஒன்று. நான் அந்தப் பொத்தானை அழுத்தியபோது மறுமுனையில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. பணம் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

பதில் 5

வழக்கறிஞராக எனக்கு நேர்ந்தது. அரசு அமைப்புகள் கணினிகளுக்குள் நுழைய அதிகாரம் தரும் ஒரு சட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஒரே கேள்விதான் கேட்டேன்: "வேறொரு குழுவின் பெயரைப் போட்டுக்கொண்டு நுழைய இந்தச் சட்டம் அனுமதிக்கிறதா, இல்லையா?" அதிகாரி தாளைப் பார்த்தபடி, செயல்முறை விவரங்களைப் பேச இயலாது என்றார். நான் கேட்டது செயல்முறையை அல்ல, சட்டத்தின் எல்லையை. மணி அடித்துவிட்டார்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மேலே நண்பர் சொன்ன அதே ஜேட்ரிக் பிரிவின் பயிற்சி ஸ்லைடுகள் 2014இல் வெளிவந்தபோது, அவற்றில் பொய்க்கொடி நடவடிக்கை (தான் செய்ததை வேறொருவர் பெயரில் போடுவது) என்பதே ஒரு வழிமுறையாக இருந்தது. அமெரிக்காவில் 2012இல் ஒபாமா கையெழுத்திட்ட ரகசிய உத்தரவு சைபர் தாக்குதலுக்கான இலக்குகளைப் பட்டியலிடச் சொன்னது. அது கசிந்த பிறகுதான், 2013 ஜூனில், மக்களுக்குத் தெரிந்தது. 2018இல் டிரம்ப் அந்த உத்தரவில் இருந்த கட்டுப்பாடுகளையும் தளர்த்தினார். பிரிட்டனின் 2016 சட்டம் கணினிகளில் மொத்தமாக ஊடுருவவே வழி செய்கிறது. அமைச்சர் ஒப்புதலுக்கு மேல் ஒரு நீதித்துறை ஆணையரும் பார்க்க வேண்டும் என்ற அளவில் அது பரவாயில்லை.

என் அக்கறை இதுதான். யாருடைய பெட்டி படிக்கப்பட்டதோ, அவருக்கு என்றாவது ஒருநாள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அடித்தவர் யார் என்று கண்டுபிடிப்பது பிறகு. பதிவைத் தொடங்கிய நண்பரே, அந்த நிருபருக்குத் தெரியுமா?

பதிவைத் தொடங்கியவர்

தெரியாது. நான் சொல்லவில்லை. நிர்வாகம் பேசாதே என்றதை அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேலையை விட்டு வந்த பிறகும் சொல்லவில்லை. யார் செய்தது என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே என் கவனம் முழுவதும் போயிருந்தது. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன்.

நேற்று அவரை அழைத்துப் பேசினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. யார் என்று கேட்பார் என்று பயந்திருந்தேன், கேட்கவில்லை. "எந்தெந்தக் கடிதங்களைத் திறந்தார்கள் என்று லாக்கில் இருக்கிறதா? எனக்குத் தகவல் கொடுத்தவர்களில் ஒருவருக்கு அந்த வருடம் வேலை போனது" என்றார்.

இருக்கிறது. வட்டின் நகலுக்கு ஹாஷ் எடுத்துவிட்டேன். பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன், இன்றிரவு அவருக்கு அனுப்புகிறேன்.