புதுப்பிப்பு: குடிவரவு வழக்கும் நகர மன்றமும், நான் தேடிய இடமே தப்பு

நண்பரின் குடிவரவு வழக்கையும், கலிபோர்னியாவில் எங்கள் நகர மன்றக் கூட்டங்களையும் நடக்க நடக்க எப்படிக் கவனிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பேசர் (PACER) என்ற அமெரிக்க நீதிமன்ற ஆவணத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்று புலம்பியதும் நான்தான்.

வராதுதான். பேசர் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கானது. குடிவரவு நீதிமன்றமோ அமெரிக்க அரசின் நிர்வாகப் பிரிவில் உள்ள நீதித் துறைக்குக் (Department of Justice) கீழே இயங்குகிறது. நீதிபதியே அந்தத் துறையின் ஊழியர். (இது தெரிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.) நண்பரின் ‘ஏ’ எண்ணை (குடிவரவு அதிகாரிகள் ஒருவருக்குத் தரும் அடையாள எண்) வாங்கி, அத்துறையின் தானியங்கி வழக்குத் தகவல் தளத்தில் போட்டதும் அடுத்த தேதி வந்தது. ஆனால் முந்தின இரவு பார்த்ததை நம்பிப் போனால், காலையில் தேதி மாறியிருந்தது. இனி கிளம்பும் முன் இன்னொரு தடவை பார்ப்பேன்.

விசாரணைகளைப் பொதுவாக யாரும் பார்க்கலாம். ஆனால் புகலிட வழக்கில், விண்ணப்பித்தவர் கேட்டால் கதவை மூடிவிடுவார்கள்.

நகர மன்றம் சுலபம். 1953இல் வந்த பிரவுன் சட்டம் என்ற கலிபோர்னியாவின் பொதுக்கூட்டச் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும். அதில் ‘கன்சென்ட் காலண்டர்’ பகுதியை விடாதீர்கள். விவாதமே இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக நிறைவேறுவது அதுதான். நான் தேடிய நகர ஒப்பந்தம் ஒன்றும் அங்கேதான் கிடந்தது.

அப்புறம், நண்பரின் புதுத் தேதி வந்ததும் எழுதுகிறேன்.