புனைமொழி, படிகாப்பு, மீள்புனைவு: மூன்று சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிப் பருவத்தில் தாமே இயற்றிப் பின்னர் கைவிட்ட மொழிகளை மீண்டும் எடுத்துச் செப்பம் செய்வதையும், அவற்றின் பழைய ஏடுகளைச் சேமித்து வைப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்குத் தமிழில் என்னென்ன சொற்கள் வேண்டும் என்று ஏற்காட்டு அம்மையார் கேட்டிருந்தார். இதுவரை வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை, அத்தகைய மொழியை எப்பெயரால் அழைப்பது என்ற முதல் வினாவிலேயே நின்றுவிட்டன. என் பார்வையில் அதைவிடச் சிக்கலானது அடுத்த வினா. பழையதைக் காப்பதும் பழையதை மீண்டும் புழங்கச் செய்வதும் வெவ்வேறு வினைகள். இரண்டையும் 'மீட்பு' என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டால், இரண்டாவது வினை முதல் வினையைச் சத்தமின்றி விழுங்கிவிடும்.

முதற்சொல்லைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 'செயற்கை மொழி' என்பது செயற்கை நுண்ணறிவு வீடுதோறும் பேசப்படும் இக்காலத்தில் வேறொன்றைத்தான் நினைவூட்டும். போலி என்ற நிழலும் அதன்மேல் விழுகிறது. 'கட்டமைக்கப்பட்ட மொழி' நீளம் மட்டுமன்று, அதிலிருந்து 'கட்டமைக்கப்பட்ட மொழியாளர்' என்று ஒரு பெயரை ஆக்கினால் கட்டமைக்கப்பட்டவர் அந்த ஆளே என்று பொருள்படும். 'இயற்றுமொழி' எனக்குப் பிடித்த சொல்லே. ஆனால் மக்கள் பேசும் இயற்கை மொழிக்குக் கணினியியலார் ஏற்கெனவே ஆளும் 'இயல்மொழி'க்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எதிர்ச்சொற்கள் இரண்டும் காதுக்கு உடன்பிறப்புகளாக ஒலிக்கின்றன. கோவை நண்பர் முன்வைத்த 'குழூஉக்குறி' நன்னூல் வழிவந்த அழகிய சொல்லாயினும் இங்குப் பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் சொல்லும்போது சொல் மட்டுமே மாறுகிறது, இலக்கணம் தமிழாகவே இருக்கிறது. சித்தர்களின் மறைபொருள் பேச்சு மரபை எண்ணிப் 'பரிபாஷை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைச் சேலத்துக்காரனான நான் ஏற்பதற்கில்லை. 1916ஆம் ஆண்டில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் இவ்வூரில் தொடங்கிய அமைப்பின் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அங்கே அச்சொல்லுக்குக் கலைச்சொல் என்றே பொருள்.

ஆகவே 'புனைமொழி' என்பதை வழிமொழிகிறேன். இது வினைத்தொகை. புனைந்த மொழி, புனைகின்ற மொழி, புனையும் மொழி என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்பது, என்றுமே முடிவடையாத இந்தப் பொழுதுபோக்குக்கு இயல்பாகவே பொருந்துகிறது. புனைகதையோடு சேர்த்து, கதைக்காக ஆக்கிய மொழி என்று மட்டும் வாசகர் எண்ணிவிடுவார் என்ற தடை நியாயமானதே. மதன் கார்க்கி 'பாகுபலி'க்காக ஆக்கிய கிளிக்கி கதைக்கான புனைமொழி, சாமன்ஹாஃப் 1887இல் வெளியிட்ட எசுப்பெராண்டோ பொதுத்தொடர்புக்கான புனைமொழி என்று அடைமொழி சேர்த்து அத்தடையைத் தீர்த்துக்கொள்ளலாம். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தை 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை சொல்வதை வைத்து, பாதியில் நின்றவற்றுக்குப் 'புனையாமொழி' என்று பெயரிடும் ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அது இயல்மொழியையே குறிப்பதாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி, முதன்மையான பகுதிக்கு வருகிறேன். அம்மையாரின் குறிப்பேடுகளை ஏற்காட்டில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதற்குறிப்பேட்டில் 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அப்போது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆங்கிலத்தின் தாக்கம் அது என்று அவரே சொல்கிறார். பின்னர் எழுதிய ஏட்டில், கேட்பவரையும் உட்படுத்தும் உளப்பாட்டுத் தன்மைக்குத் தனிச்சொல் வந்துவிட்டது. இப்போது மொழியைச் செப்பம் செய்பவர் இரண்டாம் வடிவத்தையே கொள்வார், அது அவர் உரிமை. ஆனால் அந்த ஆர்வத்தில் முதல் ஏட்டின் தட்டச்சுப் படியிலும் 'பிழை'யைத் திருத்திவிட்டால், தமிழ்ச் சிறுமி ஒருத்தி ஆங்கிலத்தின் வழியாகத் தன் மொழியைக் கற்பனை செய்து, பிறகு தமிழின் பாகுபாட்டுக்குத் திரும்பிய வரலாறு காணாமற்போய்விடும்.

நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பு மரபில் இதற்கான சொல்வளம் நிறையவே உள்ளது. ஏட்டுப்படி, கையெழுத்துப்படி, பாடவேறுபாடு, சிதைவு என்று பதிப்பாசிரியர்கள் ஆண்ட சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவ்வழியில், பழையதைக் காக்கும் முதல் வினைக்குப் 'படிகாப்பு' என்பதை முன்மொழிகிறேன். இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டு வல்லினம் மிகாமல் எழுதியிருக்கிறேன். சந்தி நோக்கில் மறுப்புள்ளவர்கள் தனி மடலில் அன்றிக் குழுவிலேயே எழுதுக. 'ஆவணப்படுத்தல்' என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு என்றால், ஒரு மொழியைப் பற்றி இன்று புதிதாக எழுதிவைப்பதும் ஆவணப்படுத்தலே. படிகாப்போ, ஒவ்வொரு படியையும் அதன் பிழை, அடித்தல், ஓரக்குறிப்பு ஆகியவற்றோடு இருந்தபடியே வைப்பதை மட்டும் குறிக்கும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1910களில் தொடங்கி 1973இல் இறக்கும்வரை தம் மொழிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவருடைய தாள்களைப் பதிப்பிக்கும் அறிஞர்கள், அவற்றுள் ஒன்றான க்வென்யாவின் முற்பட்ட வடிவத்தையும் பிற்பட்ட வடிவத்தையும் ஓரெழுத்து வேறுபாட்டால் (Qenya, Quenya) பிரித்துக் காட்டுகிறார்கள். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு புலப்படாது என்பதால் நமக்கு 'முற்படி', 'பிற்படி' என்ற துணைச்சொற்களும் தேவைப்படும்.

தமிழர் ஏடுகளில் படிகாப்புக்கு இன்னொரு தனி இடர் உண்டு. அம்மையாரின் பிற்காலச் சொற்பட்டியல், ஒருங்குறி (யூனிகோட்) முறையைச் சாராத பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. இன்று அதைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன என்று பலர் எழுதினீர்கள். அவை தமிழ் எழுத்துகளை மட்டுமே அறியும். அவர் தம் மொழிக்கென வரைந்து எழுத்துருவின் வேண்டாத இடங்களில் பொருத்திய குறிகளை அக்கருவி வேறு ஏதோ எழுத்தாக மாற்றிவிடும், எச்சரிக்கையும் தராது. ஆகையால் மாற்றிய கோப்போடு மூலக் கோப்பையும், அதைவிட முக்கியமாக அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைத்தால்தான் அது படிகாப்பு ஆகும். புதுக்குறிகளுக்கு ஒருங்குறியின் முதல் தளத்தில் தனிப்பயனுக்காக ஒதுக்கிய 6,400 இடங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தக் குறி என்ற அட்டவணையையும் உடன் வைக்க வேண்டும். அந்த அட்டவணை தொலைந்தால் பாமினியின் கதையே திரும்ப நிகழும். தாள் ஏடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலையின் ஈரத்தில் பக்கங்கள் ஒட்டத் தொடங்கியுள்ளன, மழைக்காலத்துக்கு முன் ஒளிவருடி எடுத்துவிட வேண்டும்.

பழையதை மீண்டும் புழங்கச் செய்யும் இரண்டாம் வினைக்கு 'மீட்டுருவாக்கம்' என்ற சொல்லைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அது மூலத் திராவிடச் சொற்களை ஒப்பிலக்கணத்தால் ஊகித்தறியும் முறைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'உயிர்ப்பித்தல்' எபிரேயம் போல, பேச்சு வழக்கொழிந்து மீண்ட மொழிக்கு உரியது. பேசுவோரே இல்லாதிருந்த மொழிக்கு அச்சொல் மிகை. நான் இரு சொற்களைப் பிரித்து ஆள விரும்புகிறேன். புனைந்தவரே தம் மொழிக்குத் திரும்புவது 'மீள்புனைவு', பிறர் எடுத்துத் திருத்துவது 'மறுபுனைவு'. போனவர்தாம் மீள முடியும். 'மறு' என்பதிலோ மறுகரை, மறுநாள் என்பவற்றில் உள்ளதுபோல 'மற்றொன்று' என்ற பொருளும் கலந்திருக்கிறது. பழைய கதையை வேறோர் எழுத்தாளர் எடுத்தாள்வதை இலக்கியத் திறனாய்வாளர்கள் மறுபுனைவு என்று எழுதுவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

இப்பிரிவு எடுத்துக்காட்டுகளில் நன்றாகவே நிற்கிறது. ஷிலையர் என்ற செர்மானியப் பாதிரியார் ஆக்கிய வோலாப்பூக் என்ற புனைமொழியை, அவர் மறைந்த பின் ஆரி தெ யோங் திருத்தி 1931இல் புதிய இலக்கணம் வெளியிட்டது மறுபுனைவு. சாமன்ஹாஃப் பள்ளி மாணவராக 1878இல் ஆக்கிய முதல் வடிவத்துக்குத் திரும்பி அதை எசுப்பெராண்டோவாக வளர்த்தது மீள்புனைவு. ஆனால் அம்முதல் வடிவத்திலிருந்து ஒரு பாடலின் சில வரிகளைத் தவிர அதிகம் எஞ்சவில்லை என்பதால் அங்கே படிகாப்பு இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹில்டெகார்ட் என்ற துறவியார் ஆக்கிய மொழியில் நிலைமை தலைகீழ்: ஏறத்தாழ ஆயிரம் சொற்களின் பட்டியல் கையெழுத்துப்படிகளில் நிலைத்திருக்கிறது, இலக்கணம் கிடைக்கவில்லை. அங்கே படி காக்கப்பட்டும் இனி இயலக்கூடியது மறுபுனைவு மட்டுமே.

'மீள்புனைவு', 'மறுபுனைவு' என்ற பிரிவு நுணுக்கம் மிகுந்தது, வழக்கில் நிற்காது என்று கருதுவோர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தால் எதிர்க்க மாட்டேன். 'படிகாப்பு' மட்டும் தனிச்சொல்லாக நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஏற்காட்டுக் கோப்புகளுக்குப் பெயரிடும் பணி தொடங்கவிருப்பதால், மாற்றுச் சொற்கள் வைத்திருப்போர் விரைந்து எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து