ஆங்கிலிக்கன் இறையியல் ஆய்வில் நம் சேகரங்களுக்கு (ஊர்ச் சபைத் தொகுதிகளுக்கு) இடம் உண்டா?

கேள்வி: நாசரேத் பகுதி மாணவர்

பெரியோர்களுக்கு ஸ்தோத்திரம். தமிழ்வழியில் இறையியல் பயிலும் நான், உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை 1857-இல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனை விட்டுப் பிரிந்து நாசரேத் அருகே தனிச் சபை நிறுவியதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். உலகளாவிய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு) ஆய்வில் நம்மைப் போன்றவர்களும் பங்கேற்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் கட்டுரையை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது, படிக்க வேண்டிய இதழ்கள் பலவும் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன, அந்த மிஷனின் ஆவணங்களோ ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. நாசரேத்தைப் பற்றி எழுதவே ஆக்ஸ்போர்டு போக வேண்டுமென்றால், நாங்கள் பங்கேற்பது எவ்வாறு?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, நீங்கள் மெஞ்ஞானபுரத்துக்காரராக இருந்திருந்தால் பர்மிங்காமுக்குப் போக வேண்டியிருக்கும், மெஞ்ஞானபுரத்தில் பணிசெய்த சி.எம்.எஸ். என்ற மற்றோர் ஆங்கிலிக்கன் மிஷனின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மிஷனெரிமார் தம் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளுமே. நம் சேகரங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால், தகப்பன் தொழில் என்ற பத்தியில் பனையேற்றம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைக் காணலாம். சபைக்கு வந்தவர்கள் யார், எந்தக் குடும்பத்தோடு எந்தக் குடும்பம் சேர்ந்து வந்தது என்பதையெல்லாம் அந்தப் பதிவேடுகளில் தேடலாம். இராமபாணப் பூச்சி அரிப்பதற்குள் அவற்றைப் படமெடுத்துவிடுவது நல்லது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். அது ஆக்ஸ்போர்டை விட அருகில்தான் இருக்கிறது.

மறுமொழி 2: குருவானவர், தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம்

ஐயா அவர்கள் சொல்வது சரியே. ஆயினும், ஆவணம் கிடைத்துவிட்டால் பங்கேற்பும் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிமாரிடம் நட்பைக் கேட்டுப் பேசிய பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான பின் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் கிராமச் சபைகளோடு அவர் செய்து பார்த்த இறையியலைப் பற்றி அதே அளவுக்கு யார் பேசுகிறார்கள்? நம்மிடமிருந்து சாட்சியை எதிர்பார்க்கிறார்கள், வாதத்தை எதிர்பார்ப்பதில்லை என்பதே என் குறை.

உங்கள் ஆய்வுப்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.ஜி. மிஷனெரியான கால்டுவெல் 1849-இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் வந்ததால் உலகம் படித்தது. எபிரெய வேதம் கூறும் முறைகளுக்கு ஐரோப்பியப் பழக்கங்களை விட நம் நாட்டுப் பழக்கங்களே நெருக்கமானவை என்று கருதி, சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் ஏற்ற சட்டாம்பிள்ளையின் நிலைப்பாடோ வெறும் மிஷன் தகராறு என்ற தலைப்பின்கீழ் அடங்கிப்போனது. அது ஒரு வேத விளக்கம். அப்படித்தான் நீங்கள் அதை வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பைத் தமிழ் தெரிந்த ஒரு மதிப்பீட்டாளரே எடைபோட வேண்டும் என்று இதழாசிரியரிடம் கேட்பதில் தவறில்லை, மொழிபெயர்ப்புச் செலவில் ஒரு பங்கைக் கேட்பதிலும் தவறில்லை. அழைப்பு மெய்யானதென்றால் இவற்றைச் செய்துதர அவர்கள் தயங்கக் கூடாது.

மறுமொழி 3: சபை வரலாற்று ஆர்வலர், சாத்தான்குளம்

குருவானவர் சொன்ன குறையை ஏற்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. 1947-இல் ஆங்கிலிக்கன் உட்படப் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவான பின் 1950-இல் வெளிவந்த நம் திருவிருந்து ஆராதனை முறையை, மேல்நாட்டு வழிபாட்டு அறிஞர்கள் கருத்தூன்றிப் படித்தார்கள். சமாதான வாழ்த்தைக் கைக்குக் கை கொடுப்பதும், குருவானவர் சபையாரை நோக்கி நின்று நடத்துவதும் பிற சபைகளில் பின்னாளில் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. பல சபைகளிலிருந்து வந்தவர்கள் கூடி உழைத்த அந்த முறைக்கு நம் பக்கத்து ஆங்கிலிக்கன் மரபும் ஓர் ஊற்று. ஞாயிறுதோறும் சமாதானம் கொடுக்கும் நம் சபையாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தம்பிக்கு ஒரு யோசனை: கட்டுரையை முதலில் தமிழில் முழுமையாக எழுதி, நற்போதகம் போன்ற திருமண்டல இதழுக்குக் கொடுங்கள், தவறிருந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அந்தத் திருத்தங்களோடு ஆங்கிலத்தில் எழுதும்போது, தமிழ் மூலத்தையும் சேர்த்து வெளியிட முடியுமா என்று இதழாசிரியருக்கு முன்னதாகவே கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதிவேடுகளைப் படமெடுக்கச் சேகர குருவானவரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்கவிருக்கிறேன். சட்டாம்பிள்ளை சபையினரின் பழைய ஜெப முறை நூல் எவர் வீட்டிலாவது இருந்தால், வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.