பிரமிடு, ஸ்டோன்ஹெஞ்ச், ஈஸ்டர் தீவு: எது நிஜ மர்மம், எது அடித்துவிடுவது?

இரவுப்பறவை:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு வீடியோவைத் திறந்தேன், அது அடுத்ததற்கு இழுத்துப்போய் மூன்று மணி நேரம் காலி. எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான். கிசாவின் பெரிய பிரமிடில் 23 லட்சம் கற்கள், கட்டியபோது உயரம் 146 மீட்டர், வடக்கு திசையை இம்மி பிசகாமல் பார்த்து நிற்கிறது, இரும்புக் கருவிகூடக் கிடையாது, ஆகவே மனிதனால் முடிந்திருக்காது. வேற்றுக்கிரகவாசி கதையை நான் நம்பவில்லை, ஆனால் யாராவது கேட்டால் பதில் சொல்லவும் தெரியவில்லை. அதைவிடக் குடைவது இன்னொன்று. ஒளியின் வேகம் நொடிக்கு 299792458 மீட்டர், அந்தப் பிரமிடின் அட்சரேகை 29.9792458 பாகையாம். இது எப்படித் தற்செயலாகும்? இங்கிலாந்தின் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச், ஈஸ்டர் தீவுச் சிலைகள் பற்றியும் இதே தோரணையில்தான் பேசுகிறார்கள். உண்மையிலேயே விடை கிடைக்காதது எது, சும்மா அடித்துவிடுவது எது? தெரிந்தவர்கள் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
கட்டியது யார் என்பதில் மர்மமே இல்லை நண்பரே, அந்த வேலையில் இருந்த ஒரு ஆள் டைரியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழுவுக்குப் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருள்கள் கிடைத்தன. எழுத்தோடு கிடைத்த பாப்பிரஸ்களிலேயே மிகப் பழையவை அவைதான். பெரிய பிரமிடு யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த குஃபு மன்னரின் ஆட்சிக் கடைசியில் மெரர் என்ற மேற்பார்வையாளர் தன் படகுக் குழுவின் வேலையை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். படித்தால் சப்பென்று இருக்கும், அதுதான் அதன் அழகு. இன்று துராவில் கல் ஏற்றினோம், படகு புறப்பட்டது, ராத்திரி இன்ன இடத்தில் தங்கல், மறுநாள் பிரமிடு வந்து சேர்ந்தோம், திரும்பவும் துரா. இப்படியே மாதக்கணக்கில். துரா என்பது நைல் நதியின் எதிர்க்கரையில் இருந்த சுண்ணாம்புக்கல் குவாரி, பிரமிடின் வெளிப்புறத்தை மூடிய வெள்ளைக் கல் அங்கிருந்துதான் வந்தது. மேலதிகாரியாக மன்னரின் மாற்றாந்தாய் சகோதரர் அன்க்ஹாஃப் பெயர்கூட வருகிறது. வேறு கிரகத்திலிருந்து வந்தவன் படகுச் சரக்குக்கு இப்படி உட்கார்ந்து கணக்கெழுதுவானா?

1990இல் ஒரு குதிரை பழைய செங்கல் சுவரில் கால் தடுக்கியதால் தொழிலாளர்களின் கல்லறைகளும் பிரமிடுக்குப் பக்கத்திலேயே வெளிப்பட்டன. சிலருடைய எலும்பு முறிந்து, யாரோ கட்டுப்போட்டுச் சரியாக ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் அவர்கள் குடியிருந்த ஊர், ரொட்டி சுட்ட அடுப்புகள் எல்லாம் உண்டு. சினிமாவில் வருகிற சாட்டையடி அடிமைகள் கதையும் இதோடு சேர்த்து அடிபட்டுப்போனது.

கணக்குப்புலி:
ஒளிவேகத்துக்கு நான் வருகிறேன். மீட்டர் என்ற அளவே 1790களில் பிரான்சில் பிறந்தது. அதை 4500 வருடத்துக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு இடம் பார்த்தார்கள் என்றால், பிரெஞ்சுக்காரர்கள் எந்த அளவைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஜோசியமும் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அந்த எண்ணில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. அட்சரேகையில் ஏழாவது தசம இலக்கம் என்றால் தரையில் ஒரு சென்டிமீட்டர். பிரமிடின் ஒரு பக்கமோ 230 மீட்டர். அதற்குள் ஏழு இலக்க எண்கள் இருபதாயிரத்துக்கு மேல் அடங்கும், வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டால் தீர்ந்தது.

நீங்கள் கேட்காத பை (π, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். பிரமிடு அடியின் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் பையின் இரண்டு மடங்கு வருகிறது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் எகிப்தியர் சரிவை அளந்த விதத்தைப் பாருங்கள். ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை அகலம் உள்வாங்குகிறது என்பதுதான் கணக்கு, அதற்குப் பெயர் செகெட். ஒரு அரச முழம் ஏழு உள்ளங்கை, பெரிய பிரமிடின் செகெட் ஐந்தரை. ஆக அடிப்பக்கத்தில் பாதிக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஐந்தரைக்கு ஏழு. சுற்றளவு என்பது அந்தப் பாதியைப்போல் எட்டு மடங்கு, எனவே 44/7. அது 22/7-இன் இரட்டிப்பு! வட்டத்தைப் பற்றி யாரும் யோசிக்காமலேயே பை வந்து உட்கார்ந்துவிட்டது.

எதிர்க்காற்று:
சரி, ஆனால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்துவதும் எனக்குப் பிடிப்பதில்லை. மேல் அடுக்குகளுக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள்? நேர்ச் சரிவுப்பாதையா, சுற்றிவரும் பாதையா, உள்ளே ஒளிந்த பாதையா என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பிரமிடுக்குள் இருக்கும் மன்னர் அறையின் கூரைக்குப் போட்ட கருங்கல் உத்தரங்கள் பத்துக் கணக்கான டன் எடை, 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து வந்தவை. 2017இல் விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை வைத்து எக்ஸ்ரே மாதிரிப் படமெடுத்தபோது, உள்ளே 30 மீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஒரு பெரிய வெற்றிடம் தெரிந்தது. அது என்ன, எதற்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குஃபுவின் உடலும் கிடைக்கவில்லை. வேற்றுக்கிரகவாசியைத் துரத்துகிற வேகத்தில் இதையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள் ஐயா.

பழஞ்சுவடி:
@எதிர்க்காற்று, ஒப்புக்கொள்கிறேன். தரையில் இழுத்த விதத்துக்கு மட்டும் நல்ல சாட்சி இருக்கிறது. ஜெஹுதிஹோதெப் என்பவரின் கல்லறை ஓவியத்தில் சறுக்குக்கட்டை மேல் ஒரு ராட்சதச் சிலையைக் கூட்டமாக இழுக்கிறார்கள், முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ரொம்ப நாள் அதை ஏதோ சடங்கு என்றே நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சோதித்ததில், மணல் சரியான பதத்தில் ஈரமாக இருந்தால் இழுக்கத் தேவையான பலம் பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது.

நடைராஜா:
ஈஸ்டர் தீவுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன். அங்குள்ள மோவாய் என்ற பெரிய கற்சிலைகள் எப்படி இடம்மாறின என்று கேட்டால் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக, அவை நடந்து வந்தன என்றுதான் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். கடைசியில் டெர்ரி ஹண்ட், கார்ல் லிப்போ என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, மூன்று கயிறு கட்டி, 18 பேரை வைத்து இடமும் வலமுமாக அசைத்து நடக்கவே வைத்துவிட்டார்கள். பிரிட்ஜை நகர்த்த ஒரு மூலை, மறு மூலை என்று மாற்றி மாற்றித் திருப்புவோமே, அதேதான். எல்லாச் சிலையும் இப்படித்தான் வந்தது என்று எல்லோரும் ஏற்கவில்லை, அது வேறு விஷயம்.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? இந்த "இவர்களால் முடிந்திருக்காது" என்ற பேச்சு எப்போதும் சில ஊர்களைப் பார்த்துத்தான் வருகிறது. கிரேட் ஜிம்பாப்வே கல்மதிலை ஆப்பிரிக்கர்கள் கட்டவில்லை என்று வெள்ளையர் அரசு எத்தனை வருடம் சாதித்தது! உள்ளூர் மக்கள் கட்டியதுதான் என்று 1905லும் 1929லும் அகழாய்வு செய்தவர்கள் எழுதியும் அவர்கள் காதில் ஏறவில்லை.

இரவுப்பறவை:
பிரிட்ஜ் உதாரணத்துக்குக் கோடி நன்றி, இனி யார் கேட்டாலும் அதுதான் பதில். ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் யாரும் போகவில்லையே?

எதிர்க்காற்று:
என் கணக்கில் அதுதான் அசல் மர்மம் ப்ரோ. சார்சென் என்ற பெரிய மணற்பாறைக் கற்கள் சராசரி 20 டன்னுக்கு மேல், பெரும்பாலானவை சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெஸ்ட் வுட்ஸிலிருந்து வந்தவை என்று 2020இல் வேதியியல் சோதனையில் தெரிந்தது. சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து, 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கிடக்கும் ஆறு டன் பலிபீடக் கல்லும் வேல்ஸ்தான் என்று நூறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024இல் அதன் தாதுத் துகள்களைப் பரிசோதித்தால், கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியைச் சேர்ந்தது, குறைந்தது 750 கிலோமீட்டர்! கடலிலா, தரையிலா, தெரியாது. வழிநெடுக எத்தனை குழுக்களின் நிலம், யாரிடம் அனுமதி கேட்டார்கள், எத்தனை வருடம் ஆனது, ஒன்றும் தெரியாது. கதிர் திருப்பத்தன்று (வருடத்தின் மிக நீண்ட, மிகக் குறுகிய பகல் வரும் நாள்களில்) சூரியன் நேர்கோட்டில் வருவது தெரியும், அதற்குப் பக்கத்துக் கல்லே போதுமே? அந்தக் கல்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடித்தார்கள்? எழுதிவைக்க அங்கே ஒரு மெரர் இல்லை.

பழஞ்சுவடி:
பிரமிடில் எழுதிவைத்தவர் மெரர் மட்டுமில்லை, இன்னும் சிலர் உண்டு. மன்னர் அறைக்கு மேலே பாரம் தாங்க அடுக்கடுக்காகச் சிற்றறைகள் இருக்கின்றன. மேல் நான்கும் கட்டிமுடித்ததும் அடைபட்டவை, 1837இல் வெடிமருந்து வைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. அங்கே சுவரில் செம்மண் சாயத்தில் வேலைக்குழுக்கள் தங்கள் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள், அதில் ஒரு குழுவுக்கு "குஃபுவின் நண்பர்கள்" என்று பெயர். சில எழுத்துகள் தலைகீழாக இருக்கும், குவாரியில் எழுதிய கல்லைக் கட்டும்போது திருப்பி வைத்துவிட்டார்கள்.