பீடி சுற்றும் குடும்பங்களுக்காக 450 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம்: காலமும் வழியும் குறித்து ஆலோசனை வேண்டும்

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையைச் சேர்ந்த பதினான்கு பேர். ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பிச் சேரன்மகாதேவி வரை மிதிவண்டியில் போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். மூன்று ஆண்டுகளாக அந்த வழியில் போய்வந்தும், திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களிடம் நாங்கள் ஒருநாளும் நின்று பேசியதில்லை. சென்ற மாதம் எங்களில் ஒருவர் பஞ்சராகி ஒரு வீட்டு வாசலில் நிற்க நேர்ந்தது. தண்ணீர் கொடுத்த அந்த வீட்டம்மா, மகளைக் கல்லூரியில் சேர்க்க வாங்கிய கடனுக்கு இரண்டு ஆண்டுகளாக வட்டி மட்டுமே கட்டிவருவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின் சும்மா இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

திருநெல்வேலியில் தொடங்கி அம்பாசமுத்திரம், பாபநாசம் வழியாகத் தென்காசி. அங்கிருந்து புளியங்குடி, சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி. பிறகு தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சுற்றி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திரும்புவதாகத் திட்டம். ஐந்து நாள், ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நாங்கள் ஓட்டும் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் நன்கொடை தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டால் 4,500 ரூபாய் ஆகும். சாரல் காலமாயிற்றே, வெயில் இராது என்று ஆனி மாதத்தை நினைத்திருக்கிறோம். இந்தக் காலமும் வழியும் சரிதானா? சேரும் பணத்தை அந்தக் குடும்பங்களிடம் எப்படிச் சேர்ப்பது? பதினான்கு பேர் ஐந்து நாள் மிதிவண்டி ஓட்டுவதால் அவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகுமா என்ற தயக்கமும் எங்களில் சிலருக்கு இருக்கிறது.

சக்கரப்பாதை எழுதியது:

தம்பி, வழி நல்ல வழி, காலம்தான் தவறு. ஆனியில் போகாதீர்கள்.

சாரல் என்று நீங்கள் நினைப்பது குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் உரியது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று இறங்கி வீசும் காலம் அது. காவல்கிணறு, பணகுடி பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். முதல் நாள் தென்காசி வரை அது முகத்தில் அடிக்கும். மறுநாள் கோவில்பட்டிக்குப் போகும்போது முதுகில் தள்ளும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஐந்தாம் நாள்தான் ஆபத்து. கன்னியாகுமரியிலிருந்து நான்குவழிச் சாலையில் வடக்கு நோக்கி இடது ஓரமாக வருவீர்கள். மேற்கிலிருந்து வரும் காற்று உங்களை வலப்பக்கம், அதாவது லாரி போகும் பக்கமாகத் தள்ளும். அதோடு, ஒரு லாரி உங்களைக் கடக்கும்போது அது கிளப்பும் காற்று முதலில் உங்களை ஓரமாகத் தள்ளி, அடுத்த நொடி லாரியின் பக்கமாக இழுக்கும். எத்தனை ஆண்டு ஓட்டியவருக்கும் அந்த நொடியில் கைப்பிடி ஆடும். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம்.

பொங்கல் கழிந்து தை மாதக் கடைசியில் வையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அப்போது வீசும் வாடைக்காற்று மெல்லியது. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, உவரி, கூடங்குளம் வழியாகத் தென்மேற்கே போகும்போது அது உங்களுக்குத் துணையாகவே இருக்கும். கடைசி நாள் எதிர்காற்றுதான். ஆனால் எதிர்காற்று களைப்பைத் தரும், கீழே தள்ளாது.

சங்கரன்கோவிலைத் தாண்டியதும் கரிசல் காட்டுப் பாதையில் சீமைக் கருவேல முள்ளுக்கு ஆயத்தமாக இருங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் இல்லாமல் அந்த நாளைத் தொடங்கக் கூடாது. முள் குத்தினால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி, ஒடிந்த முனை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் புது டியூபும் அரை மணியில் போய்விடும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது. தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் உடம்புக்குள் போக வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் உடன்குடிக் கருப்பட்டியும் பையில் இருந்தால் விலை உயர்ந்த பொட்டலங்கள் எதுவும் தேவைப்படாது.

ஒன்றை மனவருத்தத்தோடு சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு பயணத்தில் நானும் போனேன். பின்னால் வந்த வேனுக்கும், எங்கள் சட்டைக்கும், தங்கும் அறைக்கும் செலவழித்த பிறகு, வசூலில் பாதிக்கும் குறைவாகவே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் திருடவில்லை, முன்கூட்டிப் பிரித்து வைக்காததால் வந்த வினை அது. ஓட்டுகிறவர் தன் செலவைத் தானே ஏற்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

முக்கூடல்மகள் எழுதியது:

அண்ணாச்சி, என் அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார்கள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி விட்டு வந்ததும் அதே சுளகில்தான் உட்கார்ந்தேன். ஆகவே இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஆயிரம் பீடி சுற்றினால்தான் முழுக் கூலி. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆக, நாற்பது கட்டு. முதல்நாள் இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி முடிக்க வேண்டும். இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுக்கும் இலை மோசமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைக்கு வெளியில் இலை வாங்கி ஈடுகட்டுவது எங்கள் பொறுப்பு. சரியில்லை என்று ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது. அரிசிக்கும் மளிகைக்கும் எப்படியோ சமாளித்துவிடுவோம். எங்களைக் கடனில் தள்ளுவது வைகாசி கடைசிதான். பள்ளியும் கல்லூரியும் திறக்கும்போது மொத்தமாக ஒரு தொகை கேட்பார்கள், கையில் இராது, வட்டிக்கு வாங்குவோம். அந்த ஒரு வாரத்தில் வாங்கியதை அடைக்க ஆண்டு முழுவதும் சுற்ற வேண்டும்.

அதனால் தை மாதத்தில் பயணத்தை வைப்பது எங்களுக்கும் நல்லது. வைகாசிக்குள் பணம் தயாராக இருக்கும். ஆயிரம் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு பை அரிசி கொடுப்பதைவிட, இருபது பிள்ளைகளின் சேர்க்கைக் கட்டணத்தை நேரே கல்லூரியில் கட்டுங்கள். அந்த இருபது வீடும் அந்த ஆண்டு வட்டிக்காரர் வாசலுக்குப் போகாது. ஏதாவது ஆகுமா என்று கேட்டிருந்தீர்களே, ஆகும்.

யாருக்குக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் வழியாக வந்த கல்வி உதவித்தொகைக்கு, அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். கணக்கில் பெயர் ஏறாமல், அடுத்த வீட்டு அட்டையில் சுற்றிக் கொடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்களும் வெளியூரிலிருந்து வாழ வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு இந்த உதவித்தொகை வராது. முதலில் அவர்களைத் தேடுங்கள். அட்டை இருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு உங்களில் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாலே போதும். அதற்குப் பணம் தேவையில்லை.

இன்னொரு வேண்டுகோள். காசோலையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நோட்டுப் புத்தகம் கொடுத்து என்னை அப்படி ஒரு படம் எடுத்தார்கள். அது பள்ளிச் சுவரில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. அந்தச் சுவரைக் கடக்காமல் வகுப்புக்குப் போக முடியாது.

வரவுசெலவு எழுதியது:

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன். தனிமனிதர் ஒருவரின் வங்கிக் கணக்கில் வசூலிக்காதீர்கள். ஏற்கெனவே பதிவு பெற்று, 80ஜி எனப் பரவலாக அறியப்படும் வரிச்சலுகைச் சான்றும் உள்ள ஓர் அறக்கட்டளையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் கணக்கில் நேரே செலுத்தச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக, நம் ஊரில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இல்லாத தெரு இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் சொந்தச் சித்தப்பாவே ஆனாலும், அறக்கட்டளைக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. நல்ல மனதோடு வாங்கிவிட்டுப் பின்னால் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை ஆற்றங்கரையில் கூடி எல்லாவற்றையும் உரக்கப் படித்தோம். பயணத்தைத் தை மாதத்துக்கு மாற்றிவிட்டோம். சாப்பாடும் தங்கலும் அவரவர் செலவு. வேன் வேண்டாம் என்று முடிவு செய்து, ஊர்தோறும் இருக்கும் நண்பர்கள் இருசக்கர வாகனத்தில் அடுத்த ஊர் வரை துணைக்கு வருவதாக ஏற்பாடு. படம் எடுப்பதென்றால் எங்கள் மிதிவண்டிகளையும் சாலையையும் மட்டும் எடுப்போம்.

முக்கூடல் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. அட்டை இல்லாதவர்களை வெளியாட்களாகிய நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு வீடாகப் போய் விசாரித்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்காதா?

முக்கூடல்மகள் எழுதியது:

நீங்கள் விசாரிக்க வேண்டாம், அண்ணாச்சி. மாலையில் கடையில் பீடி கொடுக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு யார் யாருடைய அட்டையில் சுற்றுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் ஆண்கள் போய்க் கேட்டால் சொல்லமாட்டார்கள். உங்கள் பதினான்கு பேரில் பெண்கள் இருந்தால் இருவரை அனுப்புங்கள். அம்மா அழைத்துப் போவார்கள். கார்த்திகைக்குள் வந்தால், தை வருவதற்குள் பெயர்ப் பட்டியல் கையில் இருக்கும்.