முதல் போட்டியில உங்க நாய் என்ன பண்ணுச்சு?

மணி அப்பா (ரெடிங், இங்கிலாந்து):

எங்க மணி கலப்பு, காப்பகத்துல இருந்து எடுத்து வந்தவன். வம்சாவளிக் காகிதம் இல்லாத நாயைப் போட்டிக்குக் கூட்டிப் போகலாமான்னு ரொம்ப நாள் தயங்கினேன். இங்கே கென்னல் கிளப்ங்கிற நாய்கள் சங்கத்துல இவனை மாதிரி நாய்களுக்கும் ஒரு பதிவேடு இருக்கு. அதுல பேரைப் பதிஞ்சு, 18 மாசமும் முடிஞ்சிருந்தா அஜிலிட்டில, அதாவது நாய் வரிசையா தடைகளைத் தாண்டி ஓடுற போட்டியில, இறங்கலாம். தோள் உயரம் அளந்தாங்க, 46 செ.மீ. இன்டர்மீடியட் பிரிவு, தாண்ட வேண்டிய கம்பு 50 செ.மீ. தன்னைவிட உசரமாச்சேன்னு நான்தான் பயந்தேன். அவன் தினமும் சோஃபாவைத் தாண்டுறவன்.

போட்டி அன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். சேறும் சகதியுமா ஒரு மைதானம். முதல்ல நாய் இல்லாம நம்மளை மட்டும் பாதையில நடந்து பார்க்க விடுவாங்க. அத்தனை பேரும் கையை வீசிக்கிட்டு, இல்லாத நாயோட பேசிக்கிட்டு சுத்துறதைப் பார்த்தா சாமியாடுற மாதிரி இருக்கும். நானும் ஆடினேன். 18 தடையும் மனப்பாடம்.

மைக்குல "மனி"ன்னு கூப்பிட்டாங்க. நம்ம மணி காசாயிட்டான்.

மூணு தடை பிரமாதம். நாலாவது ஏ-ஃப்ரேம், கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்ச பலகை. அதை ஒட்டியே டனல் வாய். "மேல! மேல!"ன்னு கத்துறேன், பய டனலுக்குள்ள புகுந்துட்டான். வெளிய வந்தான், ஒரு சுத்து சுத்தினான், திரும்பவும் அதுக்குள்ளயே. வரிசை மாறி வேற தடைக்குப் போனா எலிமினேஷன்தான், அந்த ஓட்டம் கணக்குல வராது, பேச்சே கிடையாது. ஒரு நிமிஷம்கூட ஆகாத ஓட்டத்துக்கு அரை நாள் போச்சு.

வீட்டம்மா எடுத்த வீடியோவை ராத்திரி போட்டுப் பார்த்தேன். வாய் "மேல"ங்குது, தோளும் காலும் நேரா டனலைக் காட்டுது. பாவம், தோள் சொன்னதைக் கேட்டிருக்கான். பயிற்சியாளர்கிட்ட காட்டினதுல ரெண்டு மாசம் என்னை வாயே திறக்க விடலை. ஊமையா ஓடணும். என் கால் எங்கே திரும்புதோ மணி அங்கே. அடேங்கப்பா, அதுவரைக்கும் எத்தனை தப்பு வழி காட்டியிருக்கேன்!

அடுத்த போட்டிக்கு ஜம்பிங் பிரிவுக்கு மட்டும் பேர் கொடுத்தேன். அதுல ஏ-ஃப்ரேம், ஏத்த இறக்கப் பலகை, நடைப்பாலம் எதுவும் வராது. அந்தப் பலகைகளோட முனையில மஞ்சள் பூசின இடத்தை மிதிக்காம குதிச்சு 5 ஃபால்ட் (தப்புப் புள்ளி) வாங்குற பயமும் இல்லை. புதுசா வர்றவங்க இதுலதான் ஆரம்பிக்கணும்ங்கிறது என் கட்சி. ஒரு கம்பைத் தட்டி விட்டான், அதுக்கு 5 ஃபால்ட். ஆனா ஊடே ஊடே நெளிஞ்சு போக வேண்டிய 12 வீவ் கம்பத்துல, முதல் கம்பம் இடது தோள் பக்கம் வர்ற மாதிரி சரியா நுழைஞ்சு, ஒண்ணுகூட விடாம வளைஞ்சு வந்தான். பரிசு ரிப்பன் கிடைக்கலை. கார்ல அவனுக்கு ரெண்டு இட்லி கிடைச்சுது.

லேப் வீட்டுக்காரி (சென்னை):

அண்ணா, உங்களுக்குத் தோள், எனக்குக் கால். எங்க லேப்ரடாரை ஒரு டாக் ஷோவுல ஒபீடியன்ஸ், அதாவது சொன்னபடி கேக்குற போட்டியில, பிகினர் பிரிவுல இறக்கினேன். ஒட்டி நடக்கிறதெல்லாம் அருமையா பண்ணினா. 'ஸ்டே' சொல்லிட்டு நான் மட்டும் விலகிப் போகணும். இவ எழுந்து பின்னாலயே வந்துட்டா. ஓரமா நின்ன ஒரு பெரியவர் கேட்டார், "எந்தக் காலம்மா முதல்ல எடுத்து வெச்சே?" கூட்டிக்கிட்டு நடக்கும்போது இடது காலைத்தான் முதல்ல வைப்பேன். நாய் இடது பக்கம்தானே இருக்கும், அந்தக் கால் நகர்ந்தா கிளம்பணும்னு பழகியிருக்கும். விட்டுட்டுப் போகும்போது வலது. நான் பதட்டத்துல இடதை வெச்சுட்டேன், அவ என்ன பண்ணுவா?

இன்னொண்ணு. வீட்டுல எங்கப்பா "உக்காரு"ம்பார், நான் "சிட்"டுன்னு சொல்லுவேன். போட்டிக் களத்துல அவ ஒரு நொடி யோசிச்சதும் நான் ரெண்டையும் சொல்லித் தொலைச்சேன். ரெண்டாவது தடவை சொன்னா மார்க் போயிடும், எந்த பாஷையில சொன்னாலும்.

ஸ்காபரோ பொமரேனியன் (கனடா):

எனக்கு வாயை மூடிக்கொண்டு ஓட ஏலாது, அதாலதான் ராலி எண்ட போட்டியில சேர்ந்தனான். நம்பர் போட்ட அட்டையளை வரிசையா வச்சிருப்பினம். ஒவ்வொண்டிலயும் இருத்து, சுத்து, மெதுவா நட எண்டு ஒவ்வொரு வேலை. நொவிஸ் எண்ட தொடக்க நிலையில நாய் வாரோடதான் நடக்கும். நாயோட எவ்வளவும் கதைக்கலாம், அதுக்குப் புள்ளி வெட்டமாட்டினம். 100 புள்ளியில தொடங்கி பிழைக்குப் பிழை கழிப்பினம், 70 இருந்தால் சித்தியடையலாம். எனக்கு 71! வெட்டினதில பாதி வார் இறுகினதுக்கு. நாய் இழுக்கேல்லை, பயத்தில நான்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கிறன். இப்ப வாரைச் சுண்டு விரலில கொழுவிக்கொண்டு தெருவில நடந்து பழகிறன். அயல் சனம் ஒரு மாதிரிப் பாக்குது.

மணி அப்பா:

சுண்டு விரல் யோசனை நல்லா இருக்கே, நாளைக்கே பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமை திரும்பவும் ஏ-ஃப்ரேமும் டனலும் இருக்கிற ஓட்டம். வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன், இந்தத் தடவை வீடியோவுல நாய் வேண்டாம், என்னை மட்டும் எடு.