ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் அழைப்புக்கு அடுத்த வரியில் மாறி வெறுமையாகவே இருக்கிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சர்வரிலிருந்து ஒரு பெயர்ப் பட்டியலை ஃபெட்ச் (fetch, சர்வரிடம் தரவு கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு) வழியாகப் பெற்று, தென் (then, பதில் வந்தபின் ஓடும்) பகுதிக்குள் அதை 'பட்டியல்' என்ற மாறியில் வைக்கிறேன். ஆனால் ஃபெட்ச் அழைப்பு முடிந்த அடுத்த வரியில் அந்த மாறியை கன்சோலில் அச்சிட்டால் 'அன்டிஃபைண்ட்' (மதிப்பு இல்லை) என்றே வருகிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் தரவு முழுமையாக வந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். அச்சிடும் வரியை செட்டைம்அவுட் கொண்டு 2 விநாடி தள்ளிவைத்தால் பெரும்பாலும் சரியாகிறது. இணைப்பு மெதுவாக இருக்கும்போது மீண்டும் அதே நிலைதான். இரண்டு நாட்களாக இதிலேயே நிற்கிறேன்.

மறுமொழி 1:
உங்கள் குறிநிரலில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வரிகள் ஓடும் வரிசையைத்தான் வேறுவிதமாக எண்ணியிருக்கிறீர்கள். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு வேலையாக) ஓடுவதால், பதில் வரும்வரை அது காத்து நின்றால் சொடுக்குவது, தட்டச்சு செய்வது உட்பட எல்லாமே உறைந்துவிடும். எனவே ஃபெட்ச், கோரிக்கையை பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டு, 'பின்னால் தருகிறேன்' என்ற உறுதியாக ஒரு ப்ராமிஸை உடனே திருப்பித் தருகிறது. தென் பகுதிக்குள் நீங்கள் எழுதியது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வரிகள் அனைத்தும் முடிந்த பிறகுதான் ஓடும். பதில் எவ்வளவு விரைவாக வந்தாலும் உங்கள் அச்சிடும் வரிதான் முந்தும். 2 விநாடி என்பது வெறும் ஊகம் என்பதால், தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள்.

பட்டியலைப் பயன்படுத்தும் வரிகளையும் தென் பகுதிக்குள்ளேயே கொண்டு செல்லுங்கள். அல்லது ஒரு அசிங்க் (async, உள்ளே அவெய்ட்டை அனுமதிக்கும்) செயற்கூறு எழுதி, அதில் அவெய்ட்டை (await, ப்ராமிஸ் நிறைவேறும்வரை அந்தச் செயற்கூறை மட்டும் காத்திருக்க வைக்கும் சொல்) இரண்டு முறை பயன்படுத்துங்கள்: ஃபெட்ச்சுக்கு ஒன்று, ஜேசான் (JSON, தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) வாசிப்புக்கு ஒன்று. பதிலின் ஹெடர்கள் (தரவுக்கு முன் வரும் தலைப்புத் தகவல்கள்) வந்தவுடனேயே முதல் ப்ராமிஸ் நிறைவேறிவிடும், தரவு இருக்கும் உடல் பகுதி அப்போதும் வந்துகொண்டிருக்கலாம் என்பதால் இரண்டாவது அவெய்ட்டை விட்டுவிட முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, பட்டியல் இப்போது ஒவ்வொரு முறையும் வருகிறது. சோதனைக்காக முகவரியைத் தவறாகக் கொடுத்துப் பார்த்தேன். சர்வர் 404 (அந்த முகவரியில் எதுவும் இல்லை) என்று பதிலளித்தும், பிழைகளைக் கையாளும் கேட்ச் (catch) பகுதிக்கு அதைப் பற்றிய தகவல் வரவில்லை. ஜேசானை வாசிக்க முடியவில்லை என்ற வேறொரு பிழைதான் வருகிறது. இது ஏன்?

மறுமொழி 2:
ஃபெட்ச்சின் பார்வையில் 404 என்பதும் முறையாக வந்து சேர்ந்த ஒரு பதில்தான். இணைப்பே கிடைக்காதபோதும், கார்ஸ் (CORS, வேறு தளத்தின் தரவைப் படிப்பதற்கான கட்டுப்பாடு) விதிப்படி பிரவுசர் தடுக்கும்போதும், கோரிக்கையை நாமே கைவிடும்போதும் ப்ராமிஸ் நிராகரிக்கப்படும். 404, 500 போன்ற நிலைக்குறிகளுக்காக அது நிராகரிக்கப்படுவதில்லை. உங்களுக்கு அந்தப் பிழைப்பக்கம் எச்டிஎம்எல்லாக வந்திருக்கும், அதை ஜேசானாக வாசிக்க முயன்றதால்தான் இந்தக் குழப்பம். நிலைக்குறி 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே பதிலின் ஓகே என்ற பண்பு 'ட்ரூ' ஆகும். ஆகவே ஜேசானைத் தொடும் முன் அதைச் சரிபார்த்து, இல்லையென்றால் நீங்களே ஒரு பிழையை எறியுங்கள். அது கேட்ச்சுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபெட்ச்சுக்கு முந்தைய வழியான எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டின் (XMLHttpRequest) ஓப்பன் அழைப்பில் மூன்றாவது மதிப்பாக 'ஃபால்ஸ்' கொடுத்தால் வரிசையாக ஓடும் என்ற பழைய யோசனை உங்கள் கண்ணில் படலாம். அது உண்மையிலேயே ஓடும், ஆனால் பதில் வரும்வரை பக்கம் முழுவதையும் நிறுத்திவிடும் என்பதால் அதை நாடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஓகே சரிபார்ப்பைச் சேர்த்தவுடன் 404 கேட்ச் பகுதிக்கு வந்துவிட்டது. செட்டைம்அவுட்டையும் நீக்கிவிட்டேன். இருவருக்கும் நன்றி.